துறவி ஆண்டால் வாரிசுச் சண்டை வராதா?

கேள்வி: ஐரோப்பாவின் மான்டினீக்ரோ நாட்டை ஒரு காலத்தில் ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவ ஆயர்களே ஆண்டார்களாமே? பிள்ளைகுட்டி இல்லாத துறவியிடம் ஆட்சி இருந்தால் வாரிசுச் சண்டை வராது, மக்களும் மறுபேச்சில்லாமல் கட்டுப்படுவார்கள் அல்லவா?

பதில்: இரண்டுமே நடக்கவில்லை.

ஆயருக்குக் கல்யாணம் கிடையாது. அதனால் மகனுக்குப் பதிலாகச் சகோதரர் மகனுக்குப் பட்டம் போனது, அவ்வளவுதான். 1697-இல் தனிலோ ஆயரானதிலிருந்து, நடுவில் ஒரு சிறு காலம் தவிர, பெத்ரோவிச் குடும்பம்தான் ஆண்டது. 1830-இல் முதலாம் பீட்டர் இறந்தபோது அவருடைய சகோதரர் மகன் ராதேவுக்கு 17 வயதுகூட நிரம்பவில்லை. அவர் அப்போது துறவியும் இல்லை. பட்டத்துக்கு வந்த பிறகுதான் துறவறம். 1833-இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் ஆயர் அபிஷேகம். இவர்தான் இரண்டாம் பீட்டர் நியேகோஷ்.

சரி, மக்கள் கட்டுப்பட்டார்களா? குலத்துக்குக் குலம் பழிவாங்கும் மலைநாடு அது. பெரியவர் முதலாம் பீட்டரிடம் இருந்த ஆயுதம் ஆசீர்வாதமும் சாபமும்தான், அவை போதவில்லை. நியேகோஷ் 1831-இல் செனட் என்ற ஆட்சி மன்றம் அமைத்தார், காவல்படை வைத்தார், வரி போட்டார். வரியே கட்டிப் பழகாத குலங்கள் எதிர்த்தன. எதிர்த்தவர்களுக்கு மரண தண்டனையும் விதித்தார் இந்த ஆயர். அங்கி பார்த்து யாரும் அடங்கவில்லை.

அவரை நான் மதிப்பது வேறு காரணத்துக்காக. 1834-இல் தலைநகர் செட்டின்யேவில் பள்ளிக்கூடம் திறந்தார். அச்சகம் கொண்டுவந்தார், அதன் ஈய எழுத்துகளை 1852 போரில் உருக்கித் தோட்டா செய்துவிட்டார்கள் என்பது நெஞ்சை அறுக்கிற சேதி. 1847-இல் வியன்னாவில் அச்சான அவருடைய 'மலை மாலை' மகத்தான கவிதை. ஆனால் இஸ்லாமுக்கு மாறிய சொந்த மக்களைக் கொல்வதை அது புகழ்கிறது. ஆயர் எழுதினார் என்பதற்காக அதற்குக் கண்ணை மூடிக்கொள்ள முடியாது.

1851-இல் காசநோயில் இறந்தபோது அவருக்கு வயது 37. உயிலில் வாரிசாகக் காட்டியது தனிலோ என்ற உறவுக்கார இளைஞரை. ஆனால் நியேகோஷின் அண்ணன் பேரோவைத்தான் செனட் ஏற்றது. ரஷ்யாவின் ஆதரவோடு தனிலோ வந்து நின்ற பிறகே பேரோ விலகினார். அப்புறம் 1852-இல் தனிலோ ஆயர் பட்டமே வேண்டாம் என்று தன்னை இளவரசராக அறிவித்துக்கொண்டார். 1855-இல் கல்யாணமும் செய்துகொண்டார்.