3 இஞ்ச் லிஃப்ட் போட்டதுக்கு அப்புறம் ஜீப்பு அதிருது, ப்ரொப்பல்லர் ஷாஃப்ட் புதுசா போடணுமா? அளவு எப்படி எடுக்கறது?

ஷாஃப்ட்டுக்கு, அதாவது எஞ்சின் சுத்த ஆக்சிலுக்கு கொண்டு போற குழாய்க்கு, இப்பவே காசு குடுத்துறாதீங்க தம்பி. மஹிந்திரா எம்.எம் 540 ஜீப்பு, நாலு சக்கரத்துக்கும் பட்டை (லீஃப் ஸ்பிரிங்), வண்டிய 3 இஞ்ச் தூக்கி பின்னாடி பட்டை முனைய சேசிஸோட கோக்கற ஷேக்கிளும் நீளமா போட்டிருக்கீங்க, அதுக்கப்புறம் 50, 60 வேகத்துல அடில அதிருது, கிளட்ச் விட்டு எடுக்கறப்ப டங்குனு ஒரு சத்தம், பட்டறைல ஷாஃப்டையே மாத்தச் சொல்றாங்கன்னு எழுதியிருக்கீங்க. தூக்கறதுக்கு முந்துன நாள் வரைக்கும் நல்லா ஓடின ஷாஃப்ட்டு மறுநாளே கெட்டுப்போகாதுங்க, மாறினது கோணம். அதைப் பாக்காம புது ஷாஃப்ட் போட்டா அதுவும் இதே மாதிரிதான் அதிரும், கொஞ்ச நாள்ல கிராஸையும் (ஷாஃப்ட் முனைல கூட்டல் குறி மாதிரி இருக்கற ஜாயிண்ட்) தின்னுரும்.

மொதல்ல செலவே இல்லாத ஒண்ண பாத்துருங்க. ஷாஃப்டோட ரெண்டு முனைலயும் கிராஸ புடிக்கற கவட்டை மாதிரி யோக் இருக்குதில்லீங்களா, அந்த ரெண்டு யோக்கோட காதும் ஒரே நேர்ல இருக்கோணும். லிஃப்ட் வேலை பாக்கறப்ப ஷாஃப்ட் நீளம் கூடிக் கொறைய விடற பல்லு வெச்ச ஸ்லீவ உருவி வெச்சுட்டு திரும்ப சொருகறப்ப ஒரு பல்லு தள்ளி சொருகிட்டாங்கன்னாலும் நீங்க சொல்ற அதே அதிர்வுதான் வரும். நல்ல ஷாஃப்ட்ல நேர் காட்டற அம்புக்குறி இருக்கும், சேறு ஒட்டி மறைஞ்சிருக்கும், தொடச்சுப் பாருங்க. இல்லாட்டி கழட்டறதுக்கு முந்தி நீங்களே ஒரு பெயிண்ட் கோடு போட்டுக்கோணும்.

ஏன் இவ்வளவு சொல்றேன்னா, கிராஸ் ஜாயிண்ட்டு கோணத்துல சுத்துறப்ப ஒரே சீரா சுத்தாதுங்க, ஒவ்வொரு சுத்துக்கும் ரெண்டு தடவ வேகம் கூடி ரெண்டு தடவ கொறையும். 15 டிகிரில அந்த ஏத்த எறக்கம் மூணரை சதவீதம் வரும், 30 டிகிரினா 13லிருந்து 15 சதவீதம் வரைக்கும் போயிரும். முன் ஜாயிண்ட் பண்ற இந்த கூட்டல் கொறச்சல பின் ஜாயிண்ட் அப்படியே எதிரா பண்ணி அடிச்சிருது, அதுக்குத்தான் ரெண்டு யோக்கும் ஒரே நேர்லயும் ரெண்டு பக்க கோணமும் சமமாவும் இருக்கோணும்ங்கறது.

இப்ப கோணம் எடுக்கறது. வண்டிய சமதளத்துல நிறுத்துங்க, நாலு சக்கரமும் தரைல நிக்கோணும், எப்பவும் ஏத்தற சுமை ஏத்தியே வையுங்க. ஜாக்கில தூக்கி ஆக்சில் தொங்கறப்ப எடுத்த அளவ நம்பவே கூடாது, பட்டறைகள்ல பாதி தப்பு இங்கதான் நடக்குது. போன்ல லெவல் பாக்கற ஆப் போதும், காந்தம் வெச்ச ஆங்கிள் மீட்டர் இருந்தா இன்னும் சுத்தம். மூணு எடத்துல எடுக்கோணும்: டிரான்ஸ்ஃபர் கேஸ் (கியர் பாக்ஸ் சுத்த முன் பின் ஷாஃப்ட்டுக்கு பிரிச்சு குடுக்கற பெட்டி) பிளேஞ்சு, ஷாஃப்ட் குழாய், பினியன் (ஷாஃப்ட் ஆக்சிலுக்குள்ள சேர்ற மூக்கு) பிளேஞ்சு. பிளேஞ்சுன்னா ஷாஃப்ட்ட போல்ட் போட்டு மாட்டற தட்டு. பிளேஞ்சு முகத்துல வெச்சா 90ல இருந்து கழிச்சுக்குங்க. ஒரு உதாரணம் சொல்றேன், டிரான்ஸ்ஃபர் கேஸ் பின்னாடி பாத்து 3 டிகிரி எறக்கம், ஷாஃப்ட் 16 டிகிரி எறக்கம், பினியன் மூக்கு மேல பாத்து 7 டிகிரின்னு வந்தா, முன் ஜாயிண்ட் வேலை செய்யற கோணம் 16ல 3 போக 13, பின் ஜாயிண்ட்டுக்கு 16ல 7 போக 9. நாலு டிகிரி வித்தியாசம், அதிராம என்ன பண்ணும்? ஒரு டிகிரிக்குள்ள இருக்கோணும். நீள ஷேக்கிள் பின்னாடி போட்டா பட்டை சாஞ்சு பினியன் மூக்கு மேல ஏறிரும், அதனால உங்க வண்டில இதுதான் நடந்திருக்கும்னு எனக்கு தோணுது, ஆனா அளந்துட்டு முடிவு பண்ணுங்க.

சரி பண்றதுக்கு ரெண்டு வழி இருக்குங்க. ஒண்ணு, பட்டைக்கும் ஆக்சிலுக்கும் நடுவுல ஆப்பு வெச்சு பினியன 3 டிகிரிக்கு கொண்டு வந்து ரெண்டு கோணத்தையும் சமமாக்கறது. அலுமினிய ஆப்பு அமுங்கிப் போகும், இரும்பு ஆப்பு கேளுங்க, யு போல்ட்ட கொஞ்சம் ஓட்டிட்டு திரும்ப முறுக்குங்க. ஆனா 13 டிகிரிங்கறதே குட்டை ஷாஃப்ட்டுக்கு ஜாஸ்திதான், அதிர்வு அடங்கினாலும் கிராஸ் சீக்கிரம் தேயும். அதுக்கு டிரான்ஸ்ஃபர் கேஸ் தாங்கற குறுக்கு சட்டத்த ஒரு இஞ்ச் எறக்கறவங்களும் உண்டு, அடில கல்லு தட்டற எடத்த நாமளே கொறைக்கறதுனால எனக்கு அதுல விருப்பமில்ல. ரெண்டாவது வழி டபுள் ஜாயிண்ட் ஷாஃப்ட், அதாவது டிரான்ஸ்ஃபர் கேஸ் பக்கம் ரெண்டு கிராஸ் சேந்தாப்புல வர்றது, அதுக்கு கணக்கே வேற. பினியன் மூக்கு ஷாஃப்ட்ட நேரா பாத்து நிக்கோணும், ஒண்ணு ரெண்டு டிகிரி கீழ வெச்சு, ஏன்னா ஆக்சிலேட்டர் மிதிக்கறப்ப பட்டை முறுக்கி மூக்கு தானா மேல வந்துரும். நெறைய தூரம் தார் ரோட்ல போறவங்களுக்கு நான் இதத்தான் சொல்லுவேன். முன் ஆக்சில்ல மட்டும் ஆப்பு வெக்காதீங்க, காஸ்டர் (முன் சக்கரம் திரும்பற அச்சோட சாய்வு) மாறி ஸ்டேரிங் அலைபாயும்.

அதிர்வு ஷாஃப்ட்ல இருந்துதான் வருதான்னு உறுதி பண்ண, 55ல போறப்ப கியர மாத்திப் பாருங்க. எஞ்சின் சுத்து மாறியும் அதே 55ல அதிர்ந்தா எஞ்சின் மேல குத்தமில்ல, ஒண்ணு டயர், இல்லாட்டி ஷாஃப்ட். டயர் அதிர்வு மெதுவா ஸ்டேரிங், சீட்டுல தெரியும், ஷாஃப்ட் அதிர்வு வேகமா தரைப்பலகைல உறுமும். 29 இஞ்ச் டயர், கிரவுன் பினியன் (ஆக்சிலுக்குள்ள இருக்கற பல்சக்கர ஜோடி) 4க்கு 1னு வெச்சா 60 வேகத்துல சக்கரம் நொடிக்கு 7 சுத்து, ஷாஃப்ட் கிட்டத்தட்ட 29 சுத்து, கோணத்துல குத்தம்னா அதுலயும் ரெண்டு மடங்கு. முன் ஷாஃப்டை கழட்டி வெச்சுட்டு ஒரு ரவுண்டு ஓட்டினா எந்தப் பக்கம்னும் தெரிஞ்சுரும். கோணமெல்லாம் சரியா இருந்தும் அதிர்ந்தா குழாய்ல நசுங்கல் இருக்கா, ஒட்டியிருந்த பேலன்ஸ் துண்டு விழுந்துருச்சான்னு பாத்து பேலன்சிங் போடற எடத்துக்கு எடுத்துட்டு போங்க.

டங் சத்தம் வேற விஷயம். ஷாஃப்டை கைல புடிச்சு திருப்பி, மேல கீழ தூக்கிப் பாருங்க. கிராஸ் முனைல மாட்டற பேரிங் கப்பு யோக்குக்குள்ள துளி அசைஞ்சாலும் அது போச்சு. கப்பு ஓரத்துல செம்மண் மாதிரி துருப்பொடி ஒட்டியிருந்தா உள்ள கிரீஸ் இல்லாம ஊசி பேரிங் காஞ்சு கெடக்குதுன்னு அர்த்தம், மெதுவா போறப்ப கீச் கீச்சுனு கேட்டாலும் அதேதான். ஸ்லீவ் பல்லுல ஆட்டம் இருந்தா கிராஸ மாத்தி பிரயோஜனமில்ல. கிரவுன் பினியன்ல கொஞ்சம் ஆட்டம் இருக்கத்தான் செய்யும், அதப் பாத்து பயப்படாதீங்க. தண்ணில எறக்கி ஏத்தினா அன்னிக்கே நாலு கப்பு ஓரத்துலயும் புது கிரீஸ் வெளிய வர்ற வரைக்கும் அடிங்க, ஒரு கப்புல வரலீன்னா அந்த வழி அடச்சிருக்குது.

கீழ படுக்கறதுக்கு முந்தி ஒண்ணு, இத வெளையாட்டா எடுத்துக்காதீங்க. பின் ஷாஃப்டை கழட்டிட்டா கியர் போட்டு நிறுத்தினாலும் பின் சக்கரத்த எதுவும் புடிக்காது. பழைய வில்லீஸ் வகை ஜீப்புல ஹேண்ட் பிரேக் டிரம்மே டிரான்ஸ்ஃபர் கேஸ் பின்னாடிதான் இருக்கும், அதனால ஹேண்ட் பிரேக்கும் சேந்து போயிரும். டிரான்ஸ்ஃபர் கேஸ் நியூட்ரல்ல இருந்தாலும் கியர் புடிக்காது. நாலு சக்கரத்துக்கும் முன்னாடி பின்னாடி கட்டை வெச்சுட்டு படுங்க.

நெசமாவே புது ஷாஃப்ட் வேணும்னு ஆனா, மேல சொன்ன கோணத்த மொதல்ல முடிச்சுட்டு, வண்டி சக்கரத்துல நிக்கறப்ப பிளேஞ்சு முகத்துல இருந்து பிளேஞ்சு முகத்துக்கு அளந்துக்குங்க. 24 இஞ்ச் நீட்டுல 4 இஞ்ச் எறக்கம் இருந்தது 7 ஆனா நீளம் முக்கா இஞ்ச்சுக்கு கிட்ட கூடும், அதுக்கு பழைய ஸ்லீவே போதும், சும்மா நீளம் கூட்டச் சொல்லாதீங்க. அப்பறம் ஆக்சில் முழுசா அமுங்கற நெலைலயும் முழுசா தொங்கற நெலைலயும் ஒரு தடவ அளவு எடுக்கோணும், அமுங்கினப்ப ஸ்லீவ் முட்டறதுக்கு ஒரு இஞ்ச்சாவது மிச்சம், தொங்கினப்ப பல்லு கழண்டு வராத அளவுக்கு புடிப்பு. தொங்க விட்டு கையால ஒரு சுத்து சுத்தி யோக் காது ஒண்ணோட ஒண்ணு உரசுதான்னும் பாத்துருங்க. கிராஸுக்கு கப்போட விட்டம், கப்புக்கு கப்பு அகலம் வெர்னியர்ல எடுங்க, கப்ப புடிக்கற லாக்கு உள்பக்கமா வெளிப்பக்கமான்னு சொல்லுங்க, பிளேஞ்சுக்கு போல்ட் ஓட்டை தூரமும் நடு வட்டமும்.

குழாய் கனமா போட்டா பலம்னு சிலர் உருட்டுக் கம்பியே கேப்பாங்க, வேண்டாமுங்க. நசுங்காம இருக்க கனம் உதவும், ஆனா வேகத்துல வளைஞ்சு ஆடாம இருக்கறத விட்டமும் நீளமும்தான் தீர்மானிக்கும், நீளம் ரெண்டு மடங்கானா தாங்கற வேகம் நாலுல ஒண்ணாயிரும். கிராஸும் ரொம்ப பெருசா போட வேண்டாம்னு நான் சொல்லுவேன். லோ ரேஞ்சுல மொத கியர்ல எஞ்சின் முறுக்கு பத்து மடங்குக்கு பெருகி ஷாஃப்ட்டுக்கு வருது, ஏதாவது ஒண்ணு ஒடஞ்சே ஆகோணும்னா கிராஸ் ஒடையட்டும், இட்டேரில படுத்தே மாத்திக்கலாம், கிரவுன் பினியன் ஒடஞ்சா பர்கூர் மலை தாமரைக்கரைல இருந்து கட்டி இழுத்துட்டுதான் வரோணும். இன்னொண்ணு, திம்பம் மலைப்பாதைல 27 வளைவும் காஞ்ச தார்ல 4 எச் (நாலு சக்கரமும் சேந்து இழுக்கறது) போட்டு ஏறுறத பாத்திருக்கேன், வளைவுல முன்னும் பின்னும் வேற வேற தூரம் ஓடி முறுக்கு ஏறி கிராஸ் அங்கதான் சாகுது. சேறோ மணலோ இருக்கற எடத்துக்குத்தான் அது.

பேலன்சிங் பண்ணி வாங்கிட்டு வந்து மாட்டினா போல்ட்ட முறுக்கி, நூறு கிலோமீட்டர் ஓடினதும் திரும்ப ஒரு தடவ முறுக்குங்க. அந்த மூணு கோணத்தையும் அளந்து எழுதுங்க தம்பி, ஆப்பு எத்தன டிகிரின்னு கணக்கு போட்டு சொல்றேன்.