ஏழு தோழிகள், ஒரே டூர்: முன்பணம் கட்டுமுன் பேச வேண்டியவை

கேள்வி: நாங்கள் ஏழு பேர். பாளையங்கோட்டையில் ஒரே கல்லூரியில் படித்து, ஒரே விடுதியில் இருந்தவர்கள். இப்போது அம்பை, தென்காசி, வள்ளியூர், நெல்லை என்று ஆளுக்கொரு ஊரில் இருக்கிறோம். எல்லோருக்கும் அறுபது தாண்டிவிட்டது. சிங்கப்பூர், மலேசியாவுக்கு ஒரு வாரம் சேர்ந்து போய்வர ஆசை. சென்னையிலிருந்து கிளம்பும் குரூப் டூர் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறோம். ஒருத்திக்கு இன்சுலின், ஒருத்திக்கு ஸ்டென்ட், இரண்டு பேருக்கு முழங்கால் வலி. ஒருத்திக்கு மட்டும் பண வசதி குறைவு. அவளுக்கு மற்ற ஆறு பேரும் பங்கு போட்டுக் கட்டிவிடலாம் என்று பேசியிருக்கிறோம். முன்பணம் கட்டலாமா?

பதில்: இப்போது கட்டாதீர்கள். போகவேண்டாம் என்று சொல்லவில்லை, கட்டாயம் போய்வாருங்கள். ஆனால் இத்தனை வருஷப் பழக்கத்தில் "நமக்குள்ள என்ன" என்று பணத்தையும் உடம்பையும் பற்றிப் பேசாமலே விட்டுவிடுவோம். வெளிநாட்டில் போய் நின்ற பிறகு அது முழுக்க வெளியே வரும். பயணம் கூட்டாக இருக்கட்டும். ரசீது, இன்ஷூரன்ஸ், மருந்துப்பை மூன்றும் ஆளுக்கொன்றாக இருக்கவேண்டும்.

வசதி குறைந்த உங்கள் தோழியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். ஆறு பேர் பங்கு போடுவது நல்ல மனசுதான். ஆனாலும் எனக்கு அதில் சம்மதமில்லை. அந்த ஒரு வாரம் அவர் எப்படி இருப்பார் என்று யோசித்துப் பாருங்கள். பேரனுக்கு ஒரு சட்டை எடுக்கக்கூடக் கூச்சப்படுவார். சாப்பாடு பிடிக்காவிட்டாலும் வாய் திறக்கமாட்டார். "அங்க ஒரு எட்டு போயிட்டு வருவமா" என்று அவராக ஒருதடவைகூடக் கேட்கமாட்டார். அதற்குப் பதில் டூரை அவர் கைக்கு எட்டும் அளவுக்கு இறக்குங்கள். மலேசியா மட்டும் என்றால் செலவு நன்றாகக் குறையும். 2023 டிசம்பரிலிருந்து இந்தியர்கள் விசா இல்லாமல் 30 நாள் வரை அங்கே தங்கலாம். இந்தச் சலுகையை 2026 டிசம்பர் 31 வரை நீட்டித்திருக்கிறார்கள். சிங்கப்பூருக்கு விசா வேண்டும், ஹோட்டல் வாடகையும் கூடுதல். இல்லை, சிங்கப்பூரும் பார்த்தே ஆகணும் என்றால், உங்களில் ஒருவர் மட்டும் இப்போதே அவர் வங்கிக் கணக்கில் பணத்தைப் போட்டுவிடுங்கள். மற்றவர்களைப்போல அவரும் தன் கணக்கிலிருந்து தன் பெயரிலேயே கட்டட்டும்.

தன் பெயரில் கட்டுவதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. வெளிநாட்டு டூர் பேக்கேஜ் விற்கும்போது கம்பெனி டிசிஎஸ் என்ற வரியைப் பிடித்து அரசுக்குக் கட்டும். எத்தனை சதவீதம் என்பது பட்ஜெட்டில் மாறும். கட்டும் நாளில் கேட்டுக்கொள்ளுங்கள். இது போய்விட்ட பணம் கிடையாது. வருமானவரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம், வரியே இல்லாதவர்கள் ரிட்டர்ன் போட்டுத் திரும்ப வாங்கலாம். ஆனால் அது யார் பான் எண்ணில் ஏறுகிறதோ அவருக்குத்தான் சேரும். நம் வீடுகளில் "நான் ஆன்லைன்ல கட்டிடுறேம்மா" என்று மகன் கட்டிவிடுவான், இல்லையென்றால் ஒரு தோழியே ஏழு பேருக்கும் சேர்த்துக் கட்டிவிடுவார். எல்லா வரியும் அந்த ஒரே பானில் போய் உட்கார்ந்துகொள்ளும். பிறகு பிரித்துக் கொடுப்பது பெரிய தலைவலி.

அடுத்து, எங்கிருந்து கிளம்புவது. சென்னை டூர் உங்களுக்கு ஒத்துவராது. ராத்திரி நெல்லை எக்ஸ்பிரஸில் ஏறுவீர்கள். காலையில் எழும்பூரில் இறங்கி, பகல் முழுக்கச் சொந்தக்காரர் வீட்டில் இருந்துவிட்டு, நள்ளிரவு விமானம் பிடிப்பீர்கள். விடிந்ததும் அங்கே இறங்கினால் ஹோட்டல் அறை மதியம் இரண்டு, மூன்று மணிக்குத்தான் கிடைக்கும். அதுவரை பஸ்ஸிலேயே ஊர் சுற்றிக் காட்டுவார்கள். இரண்டு ராத்திரி சரியான தூக்கமில்லாமல், இன்சுலின் போடுகிறவர் அந்த முதல் நாளை எப்படிக் கழிப்பார்? திருச்சியிலிருந்தும் திருவனந்தபுரத்திலிருந்தும் கோலாலம்பூருக்கு விமானம் இருக்கிறது. டிக்கெட்டை நீங்களே எடுத்துக்கொண்டால் அங்கே உள்ள ஏற்பாட்டுக்கு மட்டும் என்ன விலை என்று கம்பெனியிடம் கேளுங்கள். ஏழு பேர் ஒரு வேனுக்குச் சரியான கணக்கு. தமிழ் பேசும் ஓட்டுநர் அங்கே கிடைப்பது கஷ்டமில்லை. நாற்பது பேர் பஸ்ஸைவிட அதைத்தான் நான் சொல்வேன்.

ஏழு என்பது அறைக்குத்தான் சிக்கலான எண். மூன்று பேர் ஒரே அறை என்றால் மூன்றாவது ஆளுக்குப் பெரும்பாலும் மடக்குக் கட்டில்தான். முதுகுவலிக்காரருக்கு அது ஆகாது. மூன்று இரட்டை அறை, ஒரு தனி அறை எடுங்கள். தனி அறையின் கூடுதல் கட்டணத்தை ஏழாகப் பிரித்து, ஊர் மாறும்போது ஆளையும் மாற்றிக்கொள்ளுங்கள். குறட்டை விடுகிறவர் யார் என்பது விடுதிக் காலத்திலிருந்தே உங்களுக்குத் தெரிந்திருக்கும். கடைசி நேரத்தில் ஒருவர் வரமுடியாமல் போனால் அவரோடு அறையில் இருக்கவேண்டியவர் தலையில் தனி அறைக் கட்டணம் விழுமா என்பதைக் கம்பெனியிடம் எழுத்தில் வாங்குங்கள். இந்த வயதில் வீட்டில் யாருக்காவது முடியாமல் போவது சகஜம்.

முழங்கால் வலிக்காரர்களுக்கு இரண்டு இடம் சோதனை. மலேசியாவில் பத்துமலை முருகன் கோயிலில் 272 படி, செங்குத்து. ஏறாதவர்கள் கீழே முருகன் சிலைப் பக்கம் உட்கார்ந்திருக்கலாம் என்று ஊரிலேயே பேசி வையுங்கள். ஒருவருக்காக எல்லோரும் நிற்கவும் வேண்டாம், மற்றவர்களுக்காக அவர் வலியோடு ஏறவும் வேண்டாம். இன்னொன்று, சிங்கப்பூரிலிருந்து மலேசியாவுக்குப் பஸ்ஸில் போவது. பாலத்தின் இரு பக்கமும் இறங்கி ஏறவேண்டும். நுழையும் பக்கத்தில் பெட்டியையும் இழுத்துக்கொண்டு வரிசையில் நிற்கவேண்டும்.

ஸ்டென்ட் வைத்தவர் இன்ஷூரன்ஸ் படிவத்தில் அதை மறைக்கவே கூடாது. மறைத்தால் ஆஸ்பத்திரிச் செலவைத் தரமாட்டேன் என்று சொல்ல அதுவே காரணமாகிவிடும். ஏற்கனவே உள்ள நோய்க்கு எந்த நிலையில், எவ்வளவு வரை தருவார்கள் என்ற வரியைத் தேடிப் படியுங்கள். இன்சுலின் கைப்பையில்தான் இருக்கவேண்டும், மருத்துவர் சீட்டோடு. அங்கே நேரம் நம்மைவிட இரண்டரை மணி முன்னால் ஓடும். ஊசி நேரத்தை டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள். தூக்க மாத்திரை, கோடீன் கலந்த இருமல் மருந்து யாராவது எடுத்தால், சிங்கப்பூரில் முன் அனுமதி வேண்டுமா என்று கிளம்புமுன் பார்த்துவிடுங்கள்.

சிங்கப்பூருக்குக் கசகசா கொண்டுபோகக் கூடாது, வீட்டில் அரைத்த மசாலாப் பொடியில் கலந்திருந்தாலும் எடுத்து வெளியே வையுங்கள். வெற்றிலைப் பெட்டியில் புகையிலையும் ஆகாது. அல்வாவைப் பெரிய பெட்டியில் வையுங்கள்; கைப்பையில் இருந்தால் சோதனையில் நிறுத்தக்கூடும். நகை தாலிச்செயினும் ஒரு ஜோடி வளையலும் போதும். அதற்குமேல் போட்டால் கிளம்பும்போதே சுங்க அதிகாரியிடம் காட்டிச் சான்று வாங்கிக்கொள்வது நல்லது, இல்லையென்றால் திரும்பி வரும்போது கேள்வி வரலாம். இரு நாட்டுக்கும் வருகை அட்டையை, போய் இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் ஆன்லைனில் நிரப்பவேண்டும். அரசுத் தளத்தில் அது இலவசம். காசு கேட்கும் தளத்தை மூடிவிடுங்கள்.

இதையெல்லாம் பேசி முடித்ததும் ஏழு பாஸ்போர்ட்டையும் ஒரே மேசையில் விரித்துப் பாருங்கள். பயண நாளிலிருந்து ஆறு மாதமாவது செல்லுபடி இருக்கவேண்டும். டிக்கெட்டில் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே வரவேண்டும். அப்பா பெயரா, கணவர் பெயரா என்ற குழப்பம் இங்கேதான் வரும். புதுப்பிக்க வேண்டியவர்கள் திருநெல்வேலி பாஸ்போர்ட் சேவா மையத்தில் நேரம் பதிவு செய்யுங்கள். ஏழும் கையில் வந்த பிறகு முன்பணம் கட்டுங்கள்.