கட்டுப்பாட்டு அறையில் விமானம் எப்படித் தெரிகிறது?

விமானங்களைக் கண்காணிப்பவர்கள் ஒரே ரேடாரைப் பார்த்துத்தான் வழி சொல்கிறார்களா, கைப்பேசிச் செயலியில் நாம் பார்ப்பதும் அதே படமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஒரே ரேடார் இல்லை. திரையில் ஒரு விமானத்துக்கு ஒரு புள்ளிதான் இருக்கும். ஆனால் அது பல கருவிகள் தருவதைக் கணினி சேர்த்துப் போடும் புள்ளி.

பழையது முதன்மை ரேடார். அது அனுப்பும் அலை விமானத்தின் உடலில் பட்டுத் திரும்பும். திசையும் தூரமும் தெரியும், அவ்வளவுதான். யாருடைய விமானம், எவ்வளவு உயரம் என்பது தெரியாது. தூரம் இரண்டு மடங்கானால் திரும்பும் அலையின் வலு பதினாறில் ஒரு பங்காகிவிடும். அதனால் விமான நிலைய ரேடார்கள் பொதுவாக 60, 80 கடல் மைலோடு நின்றுவிடும்.

இரண்டாம் நிலை ரேடார் விமானத்திடம் கேள்வி கேட்கும். 1030 மெகாஹெர்ட்ஸில் கேட்டால், விமானத்திலுள்ள டிரான்ஸ்பாண்டர் 1090இல் பதில் சொல்லும்: கொடுக்கப்பட்ட நான்கு இலக்க எண், அப்புறம் உயரம். பதில் விமானத்தின் சொந்த சக்தியில் வருவதால் சுமார் 250 கடல் மைல் வரை எட்டும். இந்த உயரத்தை ரேடார் அளப்பதில்லை. விமானத்தின் காற்றழுத்த உயரமானி காட்டுவதைத்தான் டிரான்ஸ்பாண்டர் சொல்கிறது.

உயரம் தெரியாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 1996 நவம்பர் 12 மாலை சாட்சி. டெல்லியிலிருந்து கிளம்பிய சவூதி போயிங் 747க்கு அனுமதித்த உயரம் 14,000 அடி. எதிரே இறங்கி வந்த கஜகஸ்தானின் ஐஎல்-76க்கு 15,000 அடி. டெல்லியில் அப்போது இரண்டாம் நிலை ரேடார் பயன்பாட்டுக்கு வரவில்லை. கட்டுப்பாட்டாளர் பார்த்தது உயரமில்லாத இரண்டு புள்ளிகள். உயரத்துக்கு விமானிகள் வாயால் சொல்வதைத்தான் நம்ப வேண்டும். எதிரே விமானம் வருவதையும் அதன் உயரத்தையும் அவர் எச்சரித்தார். கஜகஸ்தான் விமானம் 15,000இல் நிற்காமல் கீழே இறங்கியது. ஹரியானாவின் சர்க்கி தாத்ரிக்கு மேலே மோதல். 349 பேரும் இறந்தார்கள். இன்றைய திரையில் புள்ளிக்குப் பக்கத்தில் 149, 147, 145 என்று நூறு அடிக் கணக்கில் எண் குறைவதும், கீழ்நோக்கிய அம்புக்குறியும் தெரியும். தவறு விமானத்தில் நடந்ததுதான். ஆனாலும் அந்த எண் திரையில் இருந்திருந்தால் ஒரு வாக்கியம் சொல்லவாவது நேரம் கிடைத்திருக்கும் என்றே நம்புகிறேன்.

அப்படியானால் முதன்மை ரேடார் எதற்கு? டிரான்ஸ்பாண்டர் பேசாமல் போனால் அது ஒன்றுதான் மிச்சம். 2014 மார்ச் 8 அதிகாலை 1:21க்கு, பிறகு காணாமலே போன மலேசியப் பயணிகள் விமானம் எம்எச்370 மலேசியக் கட்டுப்பாட்டாளர்களின் திரையிலிருந்து மறைந்தது. அது திரும்பி மேற்கே மலாக்கா நீரிணைப் பக்கம் போனது, 2:22 வரை பிடித்த ராணுவத்தின் முதன்மை ரேடார் பதிவால்தான் பிறகு தெரிய வந்தது. செலவைக் காரணம் காட்டி இந்த ரேடார்களைக் குறைக்க வேண்டும் என்று யாராவது சொன்னால் எனக்கு மனசு ஒப்புவதே இல்லை.

நீங்கள் சொல்லும் செயலி பெரும்பாலும் ஏடிஎஸ்-பியை நம்புகிறது. விமானம் ஜிபிஎஸ்ஸில் தன் இடத்தைக் கண்டுபிடித்து, யாரும் கேட்காமலே நொடிக்கு இரண்டு முறை போல அறிவிக்கும். மொட்டை மாடியில் ஒரு சின்ன ஆன்டெனா வைத்தாலே பிடிக்கலாம். நிலைய ரேடார் ஒரு சுற்று சுற்ற நான்கைந்து நொடி ஆகும் என்பதால், கட்டுப்பாட்டாளர்களுக்கும் இது பெரிய வரம். நடுக்கடலில் தரை ரேடார் எட்டாது. சென்னைக் கட்டுப்பாட்டில் வங்காள விரிகுடாவைத் தாண்டும் விமானங்கள் கரையிலிருந்து வெகுதூரம் போனதும், தம் இடத்தைச் செயற்கைக்கோள் வழியாகவோ உயர் அலைவரிசை ரேடியோவிலோ சொல்லும்.

ஆனால் ஏடிஎஸ்-பி, விமானம் தன்னைப் பற்றி நம்புவதைத்தான் சொல்லும். 2024இல் கிழக்கு மத்தியதரைக் கடலில் பறந்த பல விமானங்கள், போலி ஜிபிஎஸ் அலைகளால் பெய்ரூட் விமான நிலையத்தில் நிற்பதாகக் காட்டின. ரேடார் திசையையும் தூரத்தையும் தானே அளக்கிறது. போலி ஜிபிஎஸ் அதை ஏமாற்ற முடியாது.