வாங்கிய ஒலிப்புத்தகத்தை அப்பாவின் பிளேயரில் போடலாமா?

கேள்வி: அப்பாவுக்குப் பார்வை மங்கிவிட்டது. இணையத்தில் காசு கட்டி நாலு ஒலிப்புத்தகம் வாங்கினேன். தொடுதிரை ஃபோன் அவருக்குச் சரிவராது, பட்டன் வைத்த சின்ன எம்பி3 பிளேயர்தான் கையில். அதில் அந்தக் கோப்புகள் ஓடவில்லை. டவுனில் ஒரு கடைக்காரர் 1,500 ரூபாய்க்கு மாற்றித் தருவாராம், மெமரி கார்டில் இன்னும் 50 புத்தகம் சும்மா போட்டும் தருவாராம். இது பிழையா?
- ஓர் ஆசிரியை, உப்புவெளி

பதில்: டீச்சர், முதலில் அந்தச் 'சும்மா' ஐம்பதையும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். உங்கள் கடிதத்தில் உண்மையான வில்லங்கம் அதுதான். இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, பதிப்புரிமையை வேண்டுமென்றே மீறினால் 5 இலட்சம் ரூபாய் வரை தண்டம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். கடைக்காரருக்கு அது தெரியாமல் இருக்காது.

சரி, உங்கள் நாலு புத்தகத்துக்கு வருவோம். வெளியான ஒரு படைப்பை ஒருவர் தன் சொந்தத் தேவைக்காக ஒரேயொரு பிரதி எடுக்க அதே சட்டம் இடம் கொடுக்கிறது. கவனியுங்கள்: தன் தேவைக்கு, ஒரு பிரதி. காசு வாங்கிக்கொண்டு எடுத்துத் தரும் கடை இதற்குள் அடங்காது. வீட்டுக் கணினியில் நீங்களோ அப்பாவோ செய்வது வேறு கதை. மகள் வாங்கி அப்பா கேட்பதற்கு யாரும் வழக்குப் போட வரப்போவதில்லை என்பது என் அபிப்பிராயம்.

ஆனால் கோப்பில் பூட்டு, அதாவது வேறு பிளேயரில் ஓடவிடாத தடை, இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பெயரின் கடைசியில் எம்4பி என்று இருந்து, கணினியில் எந்த பிளேயரிலும் ஓடினால் பூட்டு இல்லை. சின்ன பிளேயருக்கு அந்த வடிவம் புரியவில்லை, அவ்வளவுதான். இலவச மென்பொருள் ஒன்றால் எம்பி3 ஆக்கலாம். 64 கேபிபிஎஸ் தரத்தில் பத்து மணி நேரப் புத்தகம் 300 எம்பிக்குள் அடங்கும். அத்தியாயம் அத்தியாயமாக வெட்டிப் போடுங்கள். இல்லாவிட்டால் சில பிளேயர்களில் நிறுத்திப் போடும்போதெல்லாம் கதை முதலில் இருந்து தொடங்கும், அப்பா உங்களைத்தான் ஏசுவார்.

ஏஏஎக்ஸ் என்று முடிந்தால் அது ஒலிப்புத்தகம் விற்கும் அமெரிக்க நிறுவனமான ஆடிபிளின் கோப்பு, வாங்கியவரின் கணக்கோடு பூட்டப்பட்டது. நம் சட்டம் கைவைப்பது பூட்டுடைக்கும் கருவியை விற்பனைக்கோ வாடகைக்கோ செய்பவர், இறக்குமதி செய்பவர் மீது. அமெரிக்காவின் 1998ஆம் ஆண்டுச் சட்டம் உடைக்கும் செயலையே தடுக்கிறது. அதைவிட, 'சம்மதம்' என்று நீங்கள் அழுத்திய ஒப்பந்தம் இருக்கிறதே, அதன்படி நீங்கள் வாங்கியது புத்தகத்தை அல்ல, கேட்கும் அனுமதியை. மீறினால் விற்ற நிறுவனம் உங்கள் கணக்கை மூடலாம். அப்புறம் நாலு புத்தகமும் போச்சு. உடைக்கச் சொல்லி நான் எழுதமாட்டேன்.

பூட்டு இருந்தால் வீட்டில் கிடக்கும் பழைய ஃபோனில் அந்தச் செயலியை மட்டும் விட்டு, மற்றதெல்லாம் அழித்து, ஒரு புளூடூத் ஸ்பீக்கரோடு இணைத்துக் கொடுங்கள். நிறுத்துவதும் தொடர்வதும் ஸ்பீக்கரின் பட்டனிலேயே ஆகும், திரையைத் தொட வேண்டியதில்லை. அடுத்த புத்தகத்தை வாங்கும்போது, பூட்டில்லாத எம்பி3 ஆகத் தருகிறார்களா என்று காசு கட்டமுன் பாருங்கள்.