"உங்க வீட்டுக்கு வரட்டுமா அண்ணா?"

அன்புள்ள ஆலோசகருக்கு,

மும்பை செம்பூரில் இருக்கிறேன். ஞாயிறுதோறும் ஒரு சிறுவர் காப்பகத்துக்குத் தன்னார்வலராகப் போகிறேன். அங்கே என்னிடம் ஒப்படைத்திருக்கும் பையனுக்கு 17 வயது. தாராவித் தமிழ்ப் பையன். அப்பாவின் அடி தாங்காமல் ஓடிப்போய், ரயில்வே பிளாட்பாரத்தில் கிடந்தவன். என்னோடு கேரம் ஆடும்போதுதான் வாய் திறப்பான். போன மாதம் ஆட்டத்தின் நடுவே தலை நிமிராமல், "18 முடிஞ்சா இங்க வச்சுக்க மாட்டாங்க. உங்க வீட்டுக்கு வரட்டுமா அண்ணா?" என்றான். எங்களுடையது ஒரே அறை வீடு. அம்மா, மனைவி, கைக்குழந்தை இருக்கிறார்கள். எனக்குப் பதில் வரவில்லை. அதிலிருந்து அவன் முகம் கொடுப்பதில்லை. போன வாரம், "இனிமே வராதீங்க" என்று காய்களைக் கலைத்துவிட்டு எழுந்து போய்விட்டான். நான் ஒதுங்கிக்கொள்வதுதான் நல்லதா?

– பெயர் வேண்டாம், செம்பூர்

அன்புள்ள சகோதரருக்கு,

ஒதுங்காதீர்கள். இந்த ஞாயிறும் வழக்கமான நேரத்துக்குப் போய் உட்காருங்கள்.

பெரியவர்கள் கைவிட்டே பழகிய பிள்ளைக்கு, ஒருவர்மேல் மனசு ஒட்டியதும் பயம் வந்துவிடும். இவரும் போய்விடுவார் என்று முந்திக்கொண்டு தானே விரட்டிப் பார்க்கும். உங்கள் பையன் செய்வதும் அதுதான் என்று எனக்குப் படுகிறது.

அவனுக்கு இன்னும் பதில் கிடைக்கவில்லை. முடியாது என்றால் முடியாது என்றே சொல்லுங்கள். "வீட்டுல தங்க வைக்க என்னால முடியாது. நீ வெளிய வந்த பிறகும் உன்னைப் பார்க்க வருவேன்." இரண்டையும் சேர்த்தே சொல்லுங்கள், பின்னதைக் காப்பாற்ற முடியும் என்றால் மட்டும். கத்துவான், அழுவான். எழுந்துவிடாதீர்கள். மனைவிமேல் பழியைப் போடாதீர்கள். முடிவு உங்களுடையதாகவே இருக்கட்டும்.

அப்புறம், அவனுடைய பயம் வெறும் கற்பனை இல்லை. ஆனால் 18 ஆனதும் நடுத்தெருதான் என்றும் இல்லை. 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டப்படி, காப்பகத்தை விட்டு வெளியேறுகிறவர்களுக்கு 21 வயது வரை உதவி தொடர வழி இருக்கிறது. யாராவது விடாமல் கேட்டால்தான் அது கைக்கு வரும். அவனுடைய பராமரிப்புத் திட்டத்தில் இதை எழுதியிருக்கிறார்களா என்று கண்காணிப்பாளரிடம் இப்போதே கேளுங்கள். ஆதார், பள்ளிச் சான்றிதழ், வங்கிக் கணக்கு எல்லாம் அவன் பெயரில் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். அவனையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டே கேளுங்கள். அவனைப் பற்றி அவன் இல்லாத இடத்தில் மற்றவர்கள் முடிவெடுத்ததெல்லாம் போதும்.

ஓடிவிடுவேன், செத்துப்போவேன் என்கிற மாதிரி ஏதாவது சொன்னால் மட்டும் ரகசியம் காக்காதீர்கள். "இதை நான் சொல்லியே ஆகணும்" என்று அவனிடமே சொல்லிவிட்டு, அன்றைக்கே காப்பக ஊழியரிடம் தெரிவியுங்கள்.