அம்மாவின் தோழிகளுக்கு முகநூல்
வணக்கம் சகோதரி. மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ரப்பர் தோட்டத்தில் அம்மாவோடு பால்மரம் வெட்டிய தோழிகளுக்கு முகநூல் கணக்கு திறந்து கொடுத்தும் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை என்று எழுதியிருந்தீர்கள். வெறும் பக்கத்தில் அவர்கள் எதைப் பார்ப்பார்கள்? முதலில் பழைய தோட்டத்து ஆட்களைத் தேடிச் சேர்த்துவிடுங்கள். தீமிதித் திருவிழாப் படம் ஒன்று கண்ணில் பட்டால் போதும், விரல் தானாக நகரும்.

மொழியைத் தமிழுக்கு மாற்றுங்கள். தட்டச்சு வராதவர்களுக்கு விசைப்பலகையிலுள்ள மைக்கைத் தொட்டுப் பேசக் காட்டுங்கள். கைப்பேசி அவர்கள் கையிலேயே இருக்கட்டும். தயவுசெய்து நீங்கள் வாங்கிச் செய்யாதீர்கள்.

நண்பர் பட்டியல் அவர்களுக்கு மட்டும் தெரியும்படி வையுங்கள். போலிக் கணக்குக்காரர்கள் அதைப் பார்த்துதான் குறிவைக்கிறார்கள். குறுஞ்செய்தியில் வரும் டேக் (TAC) எனும் உறுதிப்படுத்தும் எண்ணை, தாம் பெற்ற பிள்ளையே கேட்டாலும் சொல்லக்கூடாது. ஏமாந்து பணம் அனுப்பிவிட்டால், வெட்கப்படாமல் உடனே மோசடிப் புகாருக்கான 997 என்ற எண்ணை அழைக்கச் சொல்லுங்கள்.