குறைமாதக் குழந்தையின் மூச்சுக்குழலில் டியூப் போடுவது: சில கேள்விகள்

மன்னார்குடி ஸ்டாஃப் நர்ஸ்: 28 வாரத்தில் பிறந்த குழந்தை, மூச்சு விடவில்லை. டாக்டர் வர நேரமாகும். நாங்களே டியூப் போட முயலலாமா?

டியூபை மறந்துவிட்டு மாஸ்க்கைப் பிடியுங்கள் சிஸ்டர். பையை அழுத்தி நிமிடத்துக்கு 40 முதல் 60 தரம் மூச்சு கொடுங்கள், ஆக்ஸிஜன் 30 சதவீதத்தில் தொடங்கி. இதயத் துடிப்பு ஏறவில்லையா? மாஸ்க் ஓரத்தில் காற்று ஒழுகுகிறதா, கழுத்து மடங்கியிருக்கிறதா, வாயில் சளி இருக்கிறதா என்று பாருங்கள். பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும். இத்தனை செய்தும் நெஞ்சு ஏறி இறங்கவில்லை, துடிப்பும் 100க்குக் கீழேயே நிற்கிறது என்றால்தான் டியூப். அதையும் பழகிய கை போடட்டும்.

கும்பகோணம், பயிற்சி மருத்துவர்: லாரிங்கோஸ்கோப் (தொண்டைக்குள் பார்க்கும் கருவி) பிளேடை உள்ளே விட்டால் வெறும் சிவப்பாகத்தான் தெரிகிறது சார்.

ஆழமாகப் போயிருப்பீர்கள் தம்பி. மெதுவாகப் பின்னுக்கு இழுங்கள், குரல்வளை மூடி சட்டென்று கண்ணில் விழும். தலையை ரொம்பப் பின்னால் சாய்த்தாலும் ஒன்றும் தெரியாது. தோளுக்கடியில் துணியை மடித்து வைத்தால் போதும். பிளேடு 0, மிகச் சிறிய குழந்தைக்கு 00. கைப்பிடி நீளும் திசையில் தூக்குங்கள், ஈறில் ஊன்றி நெம்பாதீர்கள். இடது சுண்டுவிரலால் தொண்டையை வெளியிலிருந்து லேசாக அழுத்தினால் குரல்நாண்கள் தலைகீழ் 'வி' போலத் தெரியும். 30 விநாடியில் ஆகவில்லையா, வெளியே வந்து மாஸ்க் போடுங்கள். நான் படித்த காலத்தில் வீம்புக்கு இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று தேடிக்கொண்டிருந்து, குழந்தையின் துடிப்பு இறங்கியதை நர்ஸ் சொல்லித்தான் கவனித்தேன்.

மயிலாடுதுறை, மயக்க மருத்துவர்: டியூப் அளவும் ஆழமும்?

ஒரு கிலோவுக்குக் கீழே 2.5 மி.மீ., ஒன்றிலிருந்து இரண்டு வரை 3.0. டியூப் உதட்டிலிருந்து எத்தனை செ.மீ. உள்ளே போகவேண்டும் என்பதற்கு, கிலோவில் எடையோடு 6 கூட்டுவோமே, அது பொடிக் குழந்தைக்கு அதிகம். வலது நுரையீரலுக்குள் போய்விடும். 25–26 வாரத்துக்கு 6 செ.மீ., 27–29க்கு 6.5. டியூபில் மாட்டும் கார்பன் டை ஆக்சைடு காட்டி ஊதாவிலிருந்து மஞ்சளானால் டியூப் மூச்சுக்குழலில் இருக்கிறது. துடிப்பே இல்லாத குழந்தைக்கு நிறம் மாறாமலும் போகலாம், அதை நம்பி அவசரப்பட்டுப் பிடுங்கிவிடாதீர்கள்.

திருவாரூர், ஸ்டாஃப் நர்ஸ்: மார்கழிக் குளிரில் லேபர் ரூமில் என்ன செய்ய?

ஏசி, ஃபேன் இரண்டையும் அணையுங்கள். 32 வாரத்துக்குக் குறைந்த குழந்தையைத் துடைக்காமல், கழுத்துவரை சுத்தமான பிளாஸ்டிக் பையில் போட்டு வார்மரில் (சூடு தரும் மேசையில்) வையுங்கள், தலைக்குத் தொப்பி. தஞ்சாவூருக்கு 108-ல் ஏற்றும்போதும் பையைக் கழற்றாதீர்கள். டியூப் பிளாஸ்திரி நனைந்திருந்தால் கிளம்புமுன் மாற்றி ஒட்டிவிடுங்கள்.